முக்காடு போட்ட மகாராணி

சென்ற ஆண்டு மாசி மாதம், மன்னார்த் தீவில் பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் இருக்கிற ஒரு சின்னக் கடற்கரைக் கிராமத்தில் இது நடந்தது. அந்த நாட்களில் காலை ஒன்பது மணி வரைக்கும் அங்கே கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே பால் நிறத்தில் கிடக்கும். தூரத்தில் காற்றாலைகள் அரை உடம்போடு நிற்கும். இறக்கைகள் மட்டும் பனிக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து, திரும்பவும் உள்ளே போகும். அந்தக் கிராமத்துக்கு நான் போன அந்தத் திங்கட்கிழமையை இப்போது நினைத்தாலும், அது உண்மையில் நடந்ததா, நித்திரையில் கண்டதா என்று ஒரு கணம் சந்தேகம் வரும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடம்பன் பக்கம் வயல் செய்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பா மாடுகளுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவர். அம்மா இன்றைக்கும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல்தான் வைப்பார். நான் யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்து, இப்போது ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய்க் குடும்ப விபரம் எடுப்பதுதான் வேலை. என்னை “மிஸ்” என்று யாராவது கூப்பிட்டால் இன்னமும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வரும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. விக்டோரியா மகாராணி காலத்துப் பதக்கங்களைச் சேர்க்கிறேன். பட்டப்படிப்புக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய பித்தளைச் சாமான் கடையில், ஓட்டை விழுந்த குத்துவிளக்குகளுக்கு நடுவில் முதலாவதைக் கண்டேன். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் அதை வாங்கினேன். மகாராணியின் ஆட்சி விழாக்களில் இப்படிப்பட்ட பதக்கங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தார்கள் என்று பிறகு படித்தேன். அந்த வரிசையில் எங்கள் ஆட்கள் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து மூடும்போது, கனகாலம் பிந்தி நானும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்பது போல இருக்கும். அதற்குப் பிறகு பித்தளையிலும் வெள்ளீயத்திலும் இன்னும் ஆறு சேர்ந்தன.

ஆனால் நான் கனவு கண்டது ஒன்றைத்தான். மகாராணியின் அறுபதாவது ஆட்சி ஆண்டுக்காக வெளிவந்த சின்ன வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் முக்காடு போட்ட வயதான அரசி. மறுபக்கம் பட்டத்துக்கு வந்த வருடத்தில் இருந்த பதினெட்டு வயதுப் பெண். இரண்டும் ஒரே ஆள். எங்கள் பக்கத்தில் அதைக் கண்டவர் யாரும் இல்லை. சேகரிப்பாளர்களின் குழுவொன்றில் வந்த அதன் படத்தைப் போனில் எடுத்து வைத்து, பஸ்ஸில் போகும்போது பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

அந்தத் திங்கட்கிழமை நான் போன ஐந்தாவது வீட்டில், நிறைமாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். என்னை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். புருசன் கடலுக்குப் போயிருந்தான். புருசனின் தங்கை பக்கத்தில் இருந்து வலைக்கு மிதப்புக் கட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்காரி. “இண்டைக்கு எத்தினை பேர் எண்டு எண்ண வந்தனீங்களோ மிஸ்? கொஞ்சம் பொறுத்து வாருங்கோ, ஒண்டு கூடிவிடும்” என்று அண்ணியின் வயிற்றைக் காட்டினாள்.

அந்த அக்காவின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பதக்கம் தொங்கியது. நான் விபரப் படிவத்தை மறந்தே போனேன்.

“என்ன மிஸ், மாதாவைப் பாக்கிறியளோ?” என்று கேட்டு, கயிற்றைக் கழற்றாமலே அவள் அதை என் பக்கம் நீட்டினாள். முன்பக்கம் தேய்ந்து வழுவழுத்திருந்தது. அந்தப் பக்கத்து எழுத்துகள் அழிந்துவிட்டன. ஆனால் முக்காடும் முகத்தின் சாயலும் தெரிந்தன. திருப்பினேன். பதினெட்டு வயதுப் பெண் அப்படியே இருந்தாள்.

அவர்கள் சொன்ன கதை இது. யாருடைய பூட்டன் காலத்திலோ, கரைவலை இழுக்கும்போது மீனோடு மீனாக இந்த மெடல் வந்ததாம். முன்பக்கம் இருப்பவர் வியாகுல மாதா. பின்பக்கம் இருப்பவர் கன்னி மரியாள். அவரைச் சுற்றியிருக்கும் எழுத்து லத்தீன், அந்தக் காலத்துப் பூசைப் பாசை. இது ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை. கிராமத்தில் எந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்குகிறதோ அவள் வீட்டுக்கு வரும். ஆஸ்பத்திரிக்கு அவளோடு போகும். பிள்ளையோடு திரும்பி வந்து, நாற்பத்தோராம் நாள் அடுத்தவளிடம் போகும்.

“எனக்குப் போனமுறை இது கிடைக்கேல்லை,” என்றாள் அக்கா. “ரெண்டு பேருக்கும் ஒரே கிழமை. மற்றவ வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா. எனக்குப் பிள்ளை தங்கேல்லை. இந்தமுறை ரெண்டு மாதத்துக்கு முந்தியே கேட்டு வாங்கிக் கழுத்தில போட்டிட்டன்.”

இதைக் கேட்ட பிறகும் நான் வாயைத் திறந்தேன். அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்று அவர்களுக்குத் தெரியவில்லையே என்ற அவசரம் மட்டும்தான்.

“அக்கா, இது மாதா இல்லை. இது இங்கிலாந்து மகாராணி.”

“நல்லாப் பாருங்கோ மிஸ்,” என்றாள் தங்கைக்காரி. “முக்காடு போட்டிருக்கிறா. முகத்தில எவ்வளவு கவலை. மாதா இல்லாமல் வேற ஆர்?”

நான் போனை எடுத்துப் படத்தைக் காட்டினேன். ஒரே முக்காடு. ஒரே மூக்கு. பின்பக்கத்துப் பெண்ணையும் காட்டினேன். வருடத்தையும் காட்டினேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பவள் போல எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன்.

தங்கைக்காரிதான் முதலில் வாய் திறந்தாள். “அப்ப இவ்வளவு காலமும் எங்கட பெண்டுகள் வெள்ளைக்காரிக்கே செபமாலை சொன்னவை?” சிரிக்கத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. அக்கா பதக்கத்தை எடுத்துச் சட்டைக்குள் போட்டாள். பிறகு அதை வெளியே எடுத்தாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. மடு மாதா கோயிலுக்குப் போய் உண்மையான மாதா மெடல் ஒன்று வாங்கி, சாமியாரிடம் ஆசீர்வாதம் வாங்கிக் கொண்டுவந்து தருகிறேன், இதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். உதவி செய்வதாகத்தான் அந்த நேரம் நினைத்தேன். என் கண் முழுக்கப் பதக்கத்தில் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புதன்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. பஸ் ஏறி மடுவுக்குப் போனேன். நான் சைவம், ஆனாலும் மெழுகுதிரி கொளுத்தி, வரிசையில் நின்று மெடலை ஆசீர்வதிக்கக் கொடுத்து வாங்கினேன். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பழையதைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

“ஊராரோட சாமான். ஆனால் இனி ஆர் கேக்கப் போயினம்?” என்றாள். “கொண்டு போங்கோ மிஸ். பாக்கிற நேரமெல்லாம் ஏமாந்த மாதிரி இருக்கு.”

அடுத்த மூன்று நாட்களும் நான் தரையில் நடக்கவில்லை. எங்கள் வீட்டு வேப்பமரத்தின் கீழே இருந்து பதக்கத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இலைகளுக்கு இடையால் வரும் வெளிச்சம் அதில் பட்டு என் தாவணியில் ஒரு வட்டமாக ஆடும். லண்டனில் ஒரு பட்டறையில் அது அடிக்கப்பட்டதை நினைப்பேன். கப்பல் ஏறியதை, முத்துக்குளிப்புப் பார்க்க வந்த ஏதோ ஒரு துரையின் சட்டைப்பையில் இருந்து சிலாபத்துறைக் கடலில் விழுந்ததை, மணலுக்குள் சிப்பிகளோடு படுத்துக் கிடந்ததை நினைப்பேன். தலைக்கு மேலால் தோணிகளின் நிழல் போவதையும் அது பார்த்துக்கொண்டு கிடந்திருக்கும். நினைக்க நினைக்க எனக்கே நித்திரை வரும். என்னுடைய சேகரிப்பிலேயே உயர்ந்தது அதுதான். குழுவில் படம் போட எண்ணி, விபரம் எழுதுவதற்காக ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உருப்பெருக்கியை எடுத்தேன்.

பின்பக்கத்து லத்தீன் எழுத்துகளை அப்போதுதான் முதன்முதலாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனை மாதங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள், முகத்தையும் வருடத்தையும் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எழுத்துகளைப் போனில் தட்டிக் கருத்துத் தேடினேன். வேதாகமத்தில் இருந்து எடுத்த வார்த்தைகள். நெடுநாள் உயிரோடு இருப்பதைப் பற்றியவை.

பூசைப் பாசை என்று அந்தப் பெண்கள் சொன்னது சரி. ஆயுளுக்கான வார்த்தையைத்தான் பிள்ளை பெறப் போகிறவர்கள் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியும் என்று வாழ்நாள் முழுக்கப் பெருமைப்பட்ட நான், அதை வாசிக்காமலே அவர்களுக்குப் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன்.

அப்படியே இருந்தபோது போன் அடித்தது. தங்கைக்காரி. படிவத்துக்காக என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

“மிஸ், அண்ணி நேற்றையில இருந்து ஒழுங்காச் சாப்பிடேல்லை. இண்டைக்குக் காலமை தொடக்கம் இடுப்பு, நாரி எல்லாம் நோகுதாம். ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடச் சொன்னால் மாட்டன் எண்டு நிக்கிறா.”

“மடு மாதா மெடல் இருக்குத்தானே?” என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

“அதைப் போடுறா, கழட்டுறா. நல்ல மெடல்தான் எண்டுறா. ஆனால் அதை இன்னும் ஒருத்தியும் போட்டுக்கொண்டு போய்த் திரும்பி வரேல்லையாம். அதில ஒரு பொம்பிளையின்ட வேர்வையும் இல்லையாம். எதைப் பிடிச்சுக்கொண்டு போறது எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?”

“மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் அதைக் கொண்டு வாறன் எண்டு சொல்லுங்கோ. வாசலில நிப்பன்.”

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். பதக்கத்தைப் பணப்பைக்குள் வைக்கப் பயமாக இருந்தது. கறுப்புக் கயிறோடு என் கழுத்திலேயே போட்டுக்கொண்டேன். மன்னார்ப் பாலத்துக்குப் போகும் நீண்ட வீதியில், இரண்டு பக்கமும் நீர் மஞ்சளாகிக் கிடந்தது. பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவற்றின் நிழல்கள் அவற்றை விட நீளமாக இருந்தன. காற்று என் சட்டையை ஊதியது. பதக்கம் நெஞ்சில் பட்டு எழும்பி, பட்டு எழும்பி வந்தது. எனக்கு முன்னால் எத்தனை பெண்கள் கழுத்தில் இதே பாரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் எல்லாரும் என் முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருப்பது போலவும், நான் மட்டும்தான் வெறும் வயிற்றோடு போவது போலவும் இருந்தது. வீதி முடியவே முடியாது போலத் தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஓட்டோ வந்து நின்றபோது அக்காவின் முகம் வெளிறியிருந்தது. பிரசவ வாட்டுக்கு முன்னால் ஒரு வாங்கில் இருத்தினார்கள். உள்ளே எடுக்கச் சில நிமிடங்கள் இருந்தன. நான் அவளுக்கு முன்னால் முழங்காலில் நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லத் தொடங்கினேன்.

“அக்கா, நான் சொன்னது பிழை. இதில எழுதியிருக்கிறது வேதாகமத்து வார்த்தை. நீங்கள் சொன்னதுதான்...”

வலி வந்து போகும் வரைக்கும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

“மிஸ், அந்த மகாராணிக்குப் பிள்ளைகள் இருந்ததோ?”

“ஓம் அக்கா. ஒன்பது.”

“ஒன்பதோ!”

“மகாராணிக்கு வேற வேலை இல்லையோ?” என்றாள் தங்கைக்காரி. பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளைத்தாச்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “ஆர் அங்க சத்தம்?” என்று உள்ளே இருந்து ஒரு குரல் அதட்டியது.

அக்கா சிரிக்கவில்லை. “ஒன்பதும் தங்கினதோ?”

“ஒன்பதும் வளர்ந்து பெரிய ஆக்களாகினதுகள்.”

அவள் கண்ணை மூடி அதை யோசித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

“அப்ப அவவுக்கு விசயம் தெரியும். தாங்கோ.”

நான் என் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தேன். அந்த நேரம் வாட்டுத் தாதி வெளியே வந்தார்; மிசி என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவார்கள். உள்ளே போகும்போது கழுத்தில் கையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும். என்ன சொல்லிக் கெஞ்சலாம் என்று யோசித்தேன். மிசி பதக்கத்தைக் கண்டதும் இடுப்பில் கையை வைத்தார்.

“இவ திரும்பவும் வந்திட்டாவோ? நாலைஞ்சு மாதத்துக்கு முந்தியும் வந்தவ.” கயிற்றை அவிழ்த்து என்னிடம் தந்துவிட்டு, பதக்கத்தை அக்காவின் மணிக்கட்டுக்கு உள்பக்கமாக வைத்துப் பிளாஸ்டரால் ஒட்டினார். எத்தனையோ தடவை செய்து பழகிய கை. “சரி, ரெண்டு பேரும் வாங்கோ” என்று கூட்டிக்கொண்டு போனார்.

நாங்கள் வெளியே மரத்தடியில் இருந்தோம். தங்கைக்காரி முதல் தடவையாகப் பேசாமல் இருந்தாள். கறுப்புக் கயிறு என் விரலில் சுற்றியிருந்தது. காகங்கள் அடைய வந்தன. கடல் அங்கிருந்து தெரியாது. ஆனாலும் அதன் மணம் வந்தது. நான் எந்தத் தெய்வத்திடம் கேட்பது என்று தெரியாமல், வற்றாப்பளை அம்மாளையும் மடு மாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டேன். அந்தக் கிழவி அரசியையும் விடவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏதாவது நடந்தால், என் படிப்பை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன் என்று நினைத்து, கயிற்றை விரலில் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

வெளிச்சம் முழுக்கப் போவதற்குள், கடலில் இருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த புருசனுக்கு மிசி வாசலில் வைத்துச் சொன்னார், பெண் பிள்ளை என்று. அவனுடைய காற்சட்டையில் மீன் செதில்கள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன. தாயும் பிள்ளையும் சுகம். அவன் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டான். தங்கைக்காரிக்கு உடனே வாய் திரும்பி வந்தது. “அண்ணா, இன்னும் எட்டு இருக்கு” என்றாள்.

நாற்பத்தோராம் நாளுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பிள்ளையின் கழுத்தில் நான் கொடுத்த மடு மாதா மெடல் இருந்தது. பழைய பதக்கம் அடுத்த பிள்ளைத்தாச்சியின் கைக்குப் போவதை நான் கண்ணால் பார்த்தேன். கிராமத்தில் சிலர் இப்போது அதை மகாராணி என்கிறார்கள். பலருக்கு அது மாதாதான். அக்காவிடம் கேட்டேன். “ரெண்டு தாயும் ஒரு மெடலுக்குள்ள இருக்கினம், இருந்திட்டுப் போகட்டும்” என்றாள்.

புறப்படும்போது தங்கைக்காரி பின்னால் ஓடிவந்தாள். இந்தமுறை அவள் என்னை மிஸ் என்று கூப்பிடவில்லை.

“தங்கச்சி, உங்களுக்கும் கலியாணம் முடிஞ்சு முறை வரேக்க ஒரு சொல்லு சொல்லுங்கோ. கொண்டு வந்து தருவம். ஆனால் நாற்பத்தோராம் நாள் திருப்பித் தரவேணும். பெட்டிக்குள்ள வைச்சுப் பூட்டக்கூடாது, சொல்லிப்போட்டன்!”

“நான் சைவம் எல்லோ?” என்றேன்.

“மகாராணி மட்டும் எங்கட கோயில்காரியோ?” என்றாள்.

என் பெட்டியில் இன்றைக்கும் ஏழு பதக்கங்கள்தான் இருக்கின்றன. எட்டாவது எங்கேயோ ஒரு பெண்ணின் கழுத்தில் கடற்காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும். அது வீடு வீடாகப் போகும் அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு, நான் படித்து வாங்கிய எந்தச் சான்றிதழும் தராத ஒரு நிமிர்வை எனக்குத் தருகிறது.